நாக்கு நீட்டாத சாவு

வேன் நின்றதும் துர்துபாய் கண் விழித்தார். ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. கையுறையால் தேய்த்துப் பார்த்தார். ஏரி தெரிந்தது. ஏரிக்கு இந்தப் பக்கம் இலை உதிர்ந்த பாப்லர் மரங்கள். மரங்களுக்கு நடுவே இரண்டு மாடிக் கட்டிடம். மாடித் தாழ்வாரம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். பாதி உடைந்துபோய், அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

தேய்த்த கை கண்ணாடியிலேயே நின்றது.

"எர்மெக், இது எந்த சானடோரியம்?"

"தெக்குக் கரையில இருக்கறதுதான் பைக்கே. அந்தக் காலத்துல நெஞ்சு நோய்க்காரங்க வந்து தங்கினது. இப்ப காலி." இயக்குநர் எர்மெக்குக்கு முப்பது வயது. பெரியவர்களை அண்ணன் முறையில் 'பைக்கே' என்று கூப்பிட்டுப் பேசும்போதும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். "எப்படி இருக்கு எடம்? சாகலாம்னு ஆசை வருதா?"

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். துர்துபாயும் சிரித்தார்.

ஒப்பனை செய்யும் புருல் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தேய்த்து, மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துர்துபாய்க்கு அறுபத்து நான்கு வயது. நாற்பது வருடமாக நடிக்கிறார். முகம் நாடு முழுக்கத் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது. தலைநகர் பிஷ்கெக்கின் சந்தையில் கறிக்கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வான்: "அட, போன வாரந்தானே உங்கள சுட்டாங்க! அதுக்குள்ள ஈரல் வாங்க வந்துட்டீங்களே?" அவரைச் சுட்டிருக்கிறார்கள், குத்தியிருக்கிறார்கள், ஆற்றில் தள்ளியிருக்கிறார்கள். குதிரையிலிருந்து விழுந்திருக்கிறார். பனிச்சரிவில் புதைந்திருக்கிறார். கதாநாயகனின் அப்பா, கிராமத்துப் போலீஸ்காரர், லாரி ஓட்டுநர் என்று யாராக வந்தாலும் கதை பாதியைத் தாண்டுவதற்குள் செத்துவிடுவார். இதுவரை ஐம்பத்தெட்டு சாவு. எண்ணி வைத்திருப்பது அவர் மனைவி ஜிபார்.

எங்கே படுக்கச் சொல்கிறார்களோ அங்கே படுப்பார். எப்போது விழச் சொல்கிறார்களோ அப்போது விழுவார். வேண்டாம் என்று ஒரு முறையும் சொன்னதில்லை. அதனால்தான் கூப்பிட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

இந்த முறை வேறு. எட்டுப் பாகத் தொடர். படுக்கையில் கிடக்கும் தகப்பனாக ஏழு பாகம் பேசுகிறார், திட்டுகிறார், மகன்களை அழவைக்கிறார். எட்டாம் பாகத்தின் கடைசியில்தான் சாகிறார். மற்றதெல்லாம் பிஷ்கெக்கில் எடுத்தாகிவிட்டது. சாவு மட்டும்தான் பாக்கி. பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. நாளை, ஞாயிறு இரவு, முதல் பாகம்.

"நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்," என்று ஜிபார் விடியற்காலையில் கதவருகே நின்று சொல்லியிருந்தாள். "நீங்க சாகறப்ப எல்லாம் உங்க பக்கத்துல ஒக்காந்துதான் டீவி பாத்திருக்கேன். பேரு மொதல்ல வர்றப்ப மட்டும் தனியா ஒக்காந்து பாக்க மாட்டேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இங்கே படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனாக நடித்தவன், கேமரா நிற்பதற்கு முன்னால் அதைப் பார்த்து நாக்கை நீட்ட வேண்டும். அதன் பிறகுதான் எழ வேண்டும். நான் சாகவில்லை, சும்மா கிடந்தேன் என்று கேமராவுக்குத் தெரிவித்துவிடுவது. அந்தத் துண்டைப் பிறகு வெட்டி எறிந்துவிடுவார்கள். துர்துபாய் ஐம்பத்தெட்டு சாவில் ஐம்பத்தேழு முறை நாக்கை நீட்டியிருக்கிறார்.

ஒரு முறை முடியவில்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் வருடம். மாஸ்கோவின் கீழிருந்த ஒன்றியம் கலைந்திருந்தது. மாஸ்கோவிலிருந்து ஃபிலிம் வருவது நின்றுபோய், மிச்சம் மீதிச் சுருள்களை வைத்துப் படம் எடுத்தார்கள். துர்துபாய் பள்ளி ஆசிரியராக நடித்தார். இடது நெற்றிப்பொட்டில் சுடப்பட்டுக் கட்டிலில் கிடக்க வேண்டும். கண்ணை மூடிக் கிடந்தார். கேமரா ஓடும் கரகரப்பு தலைமாட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. வசனம் முடியட்டும் என்று காத்திருந்தார்.

கரகரப்பு சட்டென்று நின்றது. சுருள் தீர்ந்துவிட்டது.

நின்றுபோன கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டினார். பிறகு, இன்னும் நாலடி ஃபிலிம் மாட்டி இதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். "ஒன் நாக்குக்கெல்லாம் ஃபிலிம் இல்லப்பா," என்றார் அன்றைய இயக்குநர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துர்துபாயும் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

இந்தக் கட்டிடத்தில்தான். மாடியில், பதினாலாம் எண் அறையில்.

*

சமையலறையில் அடுப்பு எரிந்தது. காவல்காரர் கோஷோய் பால் விட்ட தேநீரைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். துர்துபாயின் வயதுதான் இருக்கும்.

"எந்த ரூம்ல எடுக்கறீங்க?"

"பதினாலு," என்றான் எர்மெக். "போன வாரமே வந்து பாத்துட்டோம். பழைய இரும்புக் கட்டில் ஒண்ணு அங்கேயே கெடக்கு. செட்டு போட்டாக்கூட அப்படி அமையாது."

"அதுல ஆள் இருக்கே."

"யாரு?"

"பேரு தெரியாது. காலையில மெத்தையத் தட்டி சமமாக்குவேன். சாயங்காலம் போய்ப் பாத்தா ஒரு ஆள் கெடந்த பள்ளம். பத்து வருஷமா நானும் தட்டறேன், அவனும் கெடக்கறான்." கோஷோய் ஒரு தட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். பொரித்த மாவுத் துண்டுகள். "பூர்சோக் எடுத்துக்குங்க. முந்தாநேத்துப் போட்டது. வியாழக்கெழமையானா எண்ணெயக் காயவெச்சு வாசம் காட்டிடுவேன். செத்தவங்களுக்கு வாசம்தானே சோறு. அதுக்கப்புறம் ஒரு வாரம் சத்தம் இருக்காது."

"என்ன சத்தம்?" என்று கேட்டாள் புருல்.

கோஷோய் மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

"தையல் மிஷின் மாதிரி. ஓடும். திடீர்னு நிக்கும். மறுபடி மொதல்லேருந்து ஓடும்."

எர்மெக் சிரித்தான். "எலியா இருக்கும். நம்ம பைக்கே படுத்தா எலியும் ஓடிப்போயிடும், பேயும் ஓடிப்போயிடும். அவர விட அதிகமா செத்தவன் நாட்டுலயே கெடையாது."

துர்துபாய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தேநீரின் மேல் ஆடை படிந்திருந்தது. புருல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றிரண்டில் அவளுக்கு இருபத்து மூன்று வயது. மாஸ்கோவிலிருந்து சாய ரத்தமும் வரவில்லை. இந்த அடுப்பில்தான் பீட்ரூட்டையும் சர்க்கரையையும் போட்டுக் காய்ச்சி, அவர் நெற்றிப்பொட்டில் காயம் வைத்தாள்.

*

பகல் பதினொரு மணி. ஆனால் கதையில் இரவு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். அறைக்குள் ஒரு விளக்குதான் எரிந்தது.

கதவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் துர்துபாய். புருல் கன்னத்தில் வெள்ளை பூசினாள். கண்ணைச் சுற்றி நீலம். நோயில் செத்த முகம். ரத்தம் கிடையாது.

"புருல், பீட்ரூட் கொண்டாந்தியா?"

அவள் பஞ்சு பாதியில் நின்றது.

"உங்களுக்கும் வருதா வாசன?"

அறைக்குள் நுழைந்ததிலிருந்து வந்துகொண்டிருந்தது. வேகவைத்த பீட்ரூட், கொஞ்சம் சர்க்கரை அடிப்பிடித்த வாசனை.

"வேணாம்னு சொல்லிடுங்க பைக்கே," என்று கிசுகிசுத்தாள்.

"என்ன காரணம் சொல்றது?"

"இடுப்புப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. வேற ரூம் கேளுங்க."

"நாப்பது வருஷத்துல நான் வேணாம்னு சொன்னதில்ல."

"அது ஒண்ணும் பெருமை இல்ல."

துர்துபாய் எழுந்து எர்மெக்கிடம் போனார். பக்கத்து அறையில் எடுக்கலாமா என்று கேட்டார். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. கேட்டுப் பழக்கமில்லை.

"பைக்கே, இந்தத் துணிய அடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. மத்தியானத்துக்கு மேல பனி கொட்டும்ங்கறாங்க. கணவாய மூடிட்டா மூணு நாள் இங்கேயேதான் கெடக்கணும். நாளைக்கி அண்ணி பக்கத்துல ஒக்காரணுமா, வேணாமா?"

அண்ணி என்றதும் அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க நாக்குக்குக் கேமரா ஓடும். நான் பொறுப்பு," என்றான் எர்மெக். "ஆற அமர நீட்டுங்க."

"சரி," என்றார்.

*

மெத்தையில் பள்ளம் இருந்தது. உடம்பைச் சாய்த்ததும் அது வாங்கிக்கொண்டது. தலை வரும் இடம், தோள் வரும் இடம், குதிகால் வரும் இடம் எல்லாம் சரியாக இருந்தன. இடுப்பு மட்டும் சற்று இடித்தது. முப்பத்து மூன்று வயதில் அவருக்குத் தொப்பை கிடையாது.

"கண்ண முழுசா மூடாதீங்க பைக்கே," என்றான் எர்மெக். "பாதி தெறந்திருக்கட்டும். மகன் வந்து மூடறதுக்குள்ள கேமரா உங்க கண்ண எடுக்கணும்."

பாதிக் கண்ணில் ஒரு பட்டை அளவு அறை தெரிந்தது. உத்தரத்தில் ஈரக்கறை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பி. கேமராவின் வட்டக் கண்ணாடி. கதவருகே முக்காலி.

ஒளிப்பதிவாளர் சலாவத் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். துர்துபாய் மூச்சைப் பழக்கிக்கொண்டார். செத்தவனுக்கு மூச்சு விடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாதியை விட்டுவிட்டுப் பாதியை வைத்துக்கொள்ள வேண்டும். மார்பு ஏறக்கூடாது. வயிற்றின் அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், நூல் போல இழுக்க வேண்டும். அவரே கண்டுபிடித்த முறை. வேறு யாருக்கும் வராது.

அவர் மூச்சை நிறுத்திப் பார்த்தார்.

அது நிற்கவில்லை.

வயிற்றின் அடியில், நூல் போல, ஒரு மூச்சு தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. அவருடைய முதுகுக்குக் கீழே. மெத்தைக்குள்.

அது செத்தவனின் மூச்சு இல்லை. செத்தவனாக நடிப்பவனின் மூச்சு.

எழுந்துவிட நினைத்தார். எழுந்தால் மறுபடி விளக்கைச் சரிசெய்ய வேண்டும். ஒரு மணி நேரம் போகும். கணவாயை மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடம்தானே. ஐம்பத்தெட்டு முறை செய்தது.

"தயாரா பைக்கே?"

"ம்."

"மோட்டார்!" என்று எர்மெக் கேமராவை ஓடச் சொன்னான்.

இப்போதைய கேமராக்களுக்குச் சத்தம் கிடையாது. ஓடுகிறதா நிற்கிறதா என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

துர்துபாய்க்குக் கரகரவென்று கேட்டது.

தையல் மிஷின் ஓடுவது போல. தலைமாட்டில்.

மகனாக நடித்தவன் உள்ளே வந்தான். மண்டியிட்டான். அழுதான். நன்றாகவே அழுதான். அவன் கை வந்து இமையைத் தடவியது. இமை முழுதாக மூடாமல் நின்றது. அவன் எழுந்து போனான். எர்மெக் சொன்னபடி கேமராவை நிறுத்தவில்லை.

கரகரப்பு ஓடியது. நிற்கவில்லை. அன்று நின்ற இடத்தைத் தாண்டியும் ஓடியது.

இப்போது நாக்கை நீட்ட வேண்டும்.

வாய் திறக்கவில்லை.

தாடையை அசைத்தார். அசையவில்லை. விரலை அசைத்தார். எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முதுகுக்குக் கீழே இருந்த மூச்சு முதுகுக்குள் வந்தது. மார்புக்குள் வந்தது. முப்பத்தொரு வருடம் அடக்கி வைத்த மூச்சை யாரோ முழுதாக வெளியே விட்டார்கள்.

அறை வெடித்துச் சிரித்தது.

"ஸ்டாப்! ஸ்டாப்!" எர்மெக் கைதட்டினான். "பைக்கே, அது என்ன நாக்கு இவ்வளவு செவப்பா இருக்கு? பீட்ரூட் தின்னீங்களா?"

கட்டில் கம்பிகள் கிறீச்சிட்டன. பாரம் இறங்கியது.

துர்துபாய் அசையவே இல்லை.

பட்டை அளவு தெரிந்த அறையில் ஒரு முதுகு எழுந்து நின்றது. அவருடைய சட்டை. அவருடைய நரைத்த பிடரி. அது நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மெல்ல முறுக்கிக்கொண்டது. வெகுநாள் படுத்துக் கிடந்தவன் செய்வது போல.

"அப்பாடா," என்றது அவர் குரல்.

*

கத்தினார். தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வழியில்லை.

விளக்கை இறக்கினார்கள். ஒயர்களைச் சுருட்டினார்கள். சலாவத் கட்டிலின் மேலேயே பெட்டியை வைத்துப் பூட்டினார். பெட்டி அவர் முழங்காலின் மேல் இருந்தது. கனம் தெரியவில்லை.

அது அறைக்குள் நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் கை கொடுத்தது. எர்மெக்கின் முதுகில் தட்டியது. பிறகு கோட்டுப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மகனாக நடித்தவன் சிரித்துக்கொண்டே வாங்கி, எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக் கொடுத்தான்.

"என்னங்க, முடிஞ்சுதா?" ஜிபாரின் குரல்.

"முடிஞ்சுது குருவி. வந்துட்டிருக்கேன்."

கல்யாணமான புதிதில் அவர் அப்படிக் கூப்பிட்டதுண்டு. எந்த வருடம் விட்டுப்போனது என்று இருவருக்குமே நினைவில்லை.

அந்தப் பக்கம் ஜிபார் சிரித்தாள். துர்துபாய் அந்தச் சிரிப்பைக் கேட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது.

"கெழவனுக்கு என்ன ஆச்சாம்? சீக்கிரம் வாங்க."

நான் இங்கே இருக்கிறேன் என்றார் துர்துபாய். சொல்லவில்லை. நினைத்தார்.

"ஒக்காருங்க பைக்கே, மூஞ்சியத் தொடச்சு விடறேன்," என்றாள் புருல்.

அது முக்காலியில் உட்கார்ந்தது. அவள் பஞ்சில் எண்ணெய் நனைத்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளை வந்தது. நீலம் வந்தது. இடது நெற்றிப்பொட்டுக்குப் போனாள்.

பஞ்சு சிவந்தது.

அவள் பஞ்சை எறிந்துவிட்டு வேறு எடுத்தாள். அதுவும் சிவந்தது. இன்னொன்று. வெள்ளைக்குக் கீழே, அவள் இன்று வைக்காத ஒரு காயம் ஈரமாக மின்னியது. அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

முகர்ந்தாள்.

அவளுடைய கை இறங்கியது. தலை மெல்லத் திரும்பியது. கட்டிலைப் பார்த்தாள். நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

புருல். இங்கேதான். புருல்.

அவள் கண் அவரைத் தாண்டி, மெத்தையின் பள்ளத்தில் போய் நின்றது.

"என்ன பாக்கற?" என்றது அது, மெதுவாக.

"ஒண்ணுமில்ல." அவள் குனிந்து பஞ்சைப் பொறுக்கினாள். "காயம் ஒண்ணு."

"ஆறிடும்," என்றது. தொப்பியை எடுத்து இடது பக்கமாக இழுத்து மாட்டிக்கொண்டது.

*

பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கறுப்புத் துணியைக் கழற்ற நேரமில்லை. "கெடக்கட்டும், கோஷோய் பைக்கே எடுத்து வெப்பாரு," என்று கத்திக்கொண்டே எர்மெக் படியிறங்கினான். காலடிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு.

வெளியே பகல்தான் என்று அவருக்குத் தெரியும். துணிக்கு அந்தப் பக்கம் ஏரி இருந்தது. தாழ்வாரத்துக் கண்ணாடிகளில் பனி மோதும் ஓசை கேட்டது. கீழே வேன் உறுமியது.

படியில் ஒரு காலடி மட்டும் திரும்பி ஏறி வந்தது.

கதவு திறந்தது. புருல். மேல்மூச்சு வாங்கினாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பைக்கே," என்று கிசுகிசுத்தாள். "இருக்கீங்களா?"

இருக்கிறேன்.

"எனக்குக் கேக்கல. நீங்க இருந்தா... நான் எடுக்கறேன். நாக்க நீட்டுங்க."

கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலுக்கு நேராக நீட்டினாள். அதன் முதுகில் சின்ன வெளிச்சம் எரிந்தது. கறுப்பான சின்னக் கண்ணாடி அவரைப் பார்த்தது.

கேமரா.

துர்துபாய் தன்னிடம் இருந்ததையெல்லாம் திரட்டினார். நாற்பது வருடத்தையும் திரட்டினார். தாடை இளகியது. உதடு பிரிந்தது. நாக்கு நுனி பல்லைத் தொட்டது. பல்லைத் தாண்டப்போனது.

வெளிச்சம் அணைந்தது.

"ஐயோ," என்றாள் புருல். "இப்பவா. இப்பவா போகணும் ஒனக்கு." குளிரில் சார்ஜ் இறங்கிவிட்டது. அவள் கைப்பேசியை உள்ளங்கையில் தேய்த்தாள். வாயால் ஊதினாள். கோட்டுக்குள் விட்டு மார்போடு அழுத்திக்கொண்டாள். எடுத்துப் பார்த்தாள். வரவில்லை.

நாக்கு பல்லுக்கு நடுவே நின்றது.

"புருல்!" கீழே முற்றத்திலிருந்து அவருடைய குரல் கூப்பிட்டது. பொறுமையான, நயமான குரல். ஏழு பாகம் அழவைத்த குரல். "வாம்மா. எல்லாரும் ஒனக்காகத்தான் நிக்கறோம்."

அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதோ வந்துட்டேன் பைக்கே," என்றாள்.

எந்தப் பைக்கேயிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது. படியடியில் அவள் பேசுவது கேட்டது.

"கோஷோய் பைக்கே, வியாழக்கெழம எண்ணெய் வெக்கிறத நிறுத்திடாதீங்க."

"நான் எங்க நிறுத்தப்போறேன்? ஏன், என்ன பாத்த?"

அவள் காலடி முற்றத்துக்குப் போனது. வேன் கிளம்பியது. பாப்லர் மரங்கள் வரை கேட்டது. பிறகு பனி எல்லா ஓசையையும் மூடிவிட்டது.

*

காலையில் கோஷோய் வந்தார். ஒரு ஜன்னலின் துணியை மட்டும் பிய்த்துப் பார்த்துவிட்டு, ஆணி வலுவாக இருப்பதைக் கண்டு அப்படியே விட்டுவிட்டார். கட்டிலருகே நின்றார்.

"அடடே. பள்ளம் பெருசாயிருக்கே. ஒரே ராத்திரியில தொப்பை வெச்சுட்டியா?"

உள்ளங்கையால் மெத்தையைத் தட்டினார். தோள் இருந்த இடத்தில். மார்பு இருந்த இடத்தில். கை ஊடே போய்ப் பஞ்சைத் தொட்டு மீண்டது.

"கெட," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஞாயிறு. இரவில் கீழே டீவி ஓடியது. கொமுஸ் வாத்தியத்தின் மூன்று தந்தியும் சேர்ந்து அதிர்ந்தன. தொடரின் தொடக்க இசை. எர்மெக் அவருக்கு ஸ்டுடியோவில் போட்டுக் காட்டியிருந்தான். ஐந்தாம் தாளத்தில் முதல் பெயர் வரும் என்று விரலால் தட்டிக் காட்டியிருந்தான்.

துர்துபாய் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"அட, நம்ம நடிகரு!" என்றார் கோஷோய் கீழே, தனக்குத் தானே. "மொதல் பேரே அவருதுதான்."

இந்த நேரம் பிஷ்கெக்கில் ஜிபார் யாரோ ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப் பிறகு நாள் கணக்குத் தெரியவில்லை. துணிக்கு இந்தப் பக்கம் எல்லா நேரமும் ஒன்றுதான். கரகரப்பு ஓடும். நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒவ்வொரு முறையும் நாக்கைத் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் சற்று முன்னாலேயே நின்றது.

அப்புறம் ஒரு நேரம், கதவின் அடியிலிருந்து ஏதோ உள்ளே வந்தது.

காய்ந்த எண்ணெய். அதில் விழும் மாவு.

கீழே கோஷோய் ஓதும் முணுமுணுப்பு கேட்டது. வாசனை தரையோடு ஊர்ந்து வந்தது. கட்டில் காலில் ஏறியது. முகத்தருகே வந்து நின்றது.

இன்று வியாழக்கிழமை என்று தெரிந்துகொண்டார்.

முகராமல் இருக்கப் பார்த்தார். மூச்சை அடக்குவது அவருக்குத் தெரிந்த தொழில். பாதியை விட்டார். பாதியை வைத்துக்கொண்டார். நூல் போல இழுத்தார்.

வயிறு நிறைந்தது.